அழித்ததையும் காத்து வைக்கும் நூல்

ஓர் ஏரியைப் பற்றிய பூசலிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே பெரியதோர் ஏரி உண்டு. அதனை வெட்டுவித்தவன் முதலாம் இராசராச சோழன் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரார் யாவரும் அவ்வாறே சொல்வர். கல்லூரியில் வரலாறு கற்பித்த 30 ஆண்டுகளில் நானும் அதனை எத்தனையோ வகுப்புகளில் கூறியிருப்பேன். ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள், விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கண்டேன். ஏரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அக்களஞ்சியத்தில் யாரும் எழுதலாம் அல்லவா? உடனே ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்தேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் வாக்கியத்தைக் காணோம்! எவரோ அதனை நீக்கிவிட்டு, "சான்று இல்லை" என்று இரண்டே சொற்களைக் குறித்து வைத்திருந்தார்.

எனக்கு வந்த சினத்தை மறைக்க வேண்டுவதில்லை. மீண்டும் எழுதினேன்; மீண்டும் நீக்கினார்கள். இம்முறை, கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ஊர் வழக்கு என்று எழுதுவதானால் எழுதலாம், வரலாறு என்று எழுதுவதானால் கல்வெட்டோ நூலோ காட்டியருள வேண்டும் என்று, 'ஐயா' என விளித்து, மிகவும் பணிவாக எழுதியிருந்தார் ஒருவர். அவருடைய பெயர் ஒரு புனைபெயர். அவர் இளைஞரா முதியவரா, ஆணா பெண்ணா, எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை இன்றளவும் அறியேன்.

சான்று காட்டி அவர் வாயை அடைத்துவிடுவோம் என்று எண்ணி நூலகம் சென்றேன். பழைய கல்வெட்டு அறிக்கைகளைப் புரட்டினேன். எங்கள் ஊர்க் கோயிற் கல்வெட்டு அகப்பட்டது. இராசராசன் பெயரும் அதில் இருந்தது. ஆனால் செய்தி வேறாக இருந்தது. அம்மன்னன் ஆட்சிக் காலத்தில், அந்த ஏரியில் ஆண்டுதோறும் தூர் எடுப்பதற்காக ஒருவர் பொன் கொடுத்தார் என்பதே அக்கல்வெட்டின் செய்தி. தூர் எடுக்க வேண்டிய ஏரி அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் அன்றோ? 30 ஆண்டுகளாக நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தது பிழை. முகம் அறியாத ஒருவர் கேட்ட கேள்வியால் அப்பிழையை உணர்ந்தேன்.

இத்தகைய கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அவருக்கு ஊதியம் தருவார் எவருமில்லை. அவரைப் போன்ற பல்லாயிரவர் உலகெங்கும் உள்ளனர். ஒருவரை ஒருவர் பாராமலே, பல வேளைகளில் ஒருவரோடு ஒருவர் மாறுபட்டுக்கொண்டே, இவர்கள் எவ்வாறு ஒரு நூலைக் காத்து வருகின்றனர்? இதனைத்தான் இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கலைக்களஞ்சியம் நமக்குப் புதியதன்று. சென்னையில் தமிழாசிரியராக விளங்கிய ஆ. சிங்காரவேலு முதலியார், ஏறத்தாழத் தனியொருவராகவே உழைத்து அபிதான சிந்தாமணியைத் தொகுத்தார். பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910இல் அதனை வெளியிட்டது. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் வந்தது. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர்கள் கட்டுரை வழங்கினர். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968இல் நிறைவுற்றது. ஒருவர் செய்த பணியை ஆயிரவர் செய்யத் தொடங்கினர் என்பது பெரிய மாற்றம். ஆயினும் இரண்டு நூல்களுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. அச்சேறிய பின் அவற்றில் ஒரு பிழை தென்பட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை அது அங்கேயே இருக்கும். அது மட்டுமன்று. அச்சேறுவதற்கு முன் எதை எழுதினர், எதை விடுத்தனர், ஏன் விடுத்தனர் என்பது படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இரண்டாவது குறை சிறியது என்று எண்ண வேண்டா. பிரான்சு நாட்டில் தீதரோ என்பவர் தலைமையில் 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக ஒரு பெருங் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. மன்னரின் ஆட்சியும் சமயத் தலைவர்களும் அதனை வெறுத்தனர். 1759இல் அதன் உரிமத்தைப் பறித்தனர். உடனிருந்து உழைத்த தலாம்பேர் என்னும் கணித அறிஞர் ஏற்கெனவே விலகியிருந்தார். அந்த இருண்ட நாள்களில் தீதரோவுக்குத் துணை நின்றவர் லூயி தெ சொக்கூர் என்னும் மருத்துவம் பயின்ற பெருமகன். அந்நூலின் கட்டுரைகளில் ஏறத்தாழக் காற்பங்கை, சுமார் 17,000 கட்டுரைகளை, அவர் ஒருவரே எழுதினார். அதற்காக ஒரு காசும் பெற்றாரில்லை. தமக்கு உதவிய எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தம்முடைய வீட்டையே விற்றார். வாங்கியவர் யார் தெரியுமா? அவர் உழைப்பால் பொருள் ஈட்டிய பதிப்பாளர் லெ பிரெத்தோன்தான்!

அந்தப் பதிப்பாளர் செய்த வேறொரு செயலும் உண்டு. ஆட்சியாளருக்கு அஞ்சி, தீதரோ பார்த்து ஒப்புதல் அளித்த அச்சுப்படிகளில் இடர் தரும் பகுதிகளையெல்லாம் அவர் ஒருவரும் அறியாமல் வெட்டிவிட்டார். ஏதோ ஒரு கட்டுரையை மீண்டும் பார்க்க வேண்டி 1764இல் நூலைத் திறந்தபோதுதான் தீதரோ அதனைக் கண்டார். அதற்குள் பெரும்பகுதி அச்சாகிவிட்டது. வெட்டப்பட்ட பகுதிகளுள் சில 20ஆம் நூற்றாண்டிலேதான் வெளிப்பட்டன. தீதரோவின் மனம் எவ்வளவு துடித்திருக்கும்! எழுதியதை ஒருவன் அழித்தான் என்பதைவிட, அழித்தது எவருக்கும் தெரியாமற் போயிற்று என்பதே அங்கே நிகழ்ந்த பெருங் கேடு என்று எனக்குத் தோன்றுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவில் சிம்மி வேல்சு என்பவர் நியூபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். மெய்யியல் பயின்ற இலாரி சாங்கர் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். எழுதுவோர் தத்தம் துறையில் வல்லுநராக இருத்தல் வேண்டும். எழுதிய கட்டுரை ஏழு படிகளில் ஆராயப்பட்டு வெளிவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு சிறந்ததுதான். ஆனால் ஏழு வாயில்களையும் கடந்து வெளிவந்த கட்டுரைகள் மிகச் சில. 2003இல் அம்முயற்சி முடிந்தபோது முழுமை பெற்றிருந்தவை இருபத்தைந்து அளவே.

இடையில் வேறொரு கருவி அவர்கள் கைக்கு எட்டியது. வார்டு கன்னிங்காம் என்னும் நிரலர் 1995இல், படிப்பவர் எவரும் உடனே திருத்தக்கூடிய ஒரு வகை இணையப் பக்கத்தைச் செய்திருந்தார். அதற்கு 'விக்கி' என்று பெயரிட்டார். அவாய்த் தீவினரின் மொழியில் அச்சொல்லுக்கு 'விரைவு' என்பது பொருள். அத்தீவின் விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அதனை எடுத்துக்கொண்டாராம். இக்கருவியைக் கொண்டு 2001 ஜனவரி 15ஆம் நாள் விக்கிப்பீடியா தொடங்கியது. நியூபீடியாவுக்கு வேண்டிய முதற்படிகளை விரைவாக எழுதித் தர ஒரு துணை, அவ்வளவே அன்றைய எண்ணம். ஆனால் அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள், 18 மொழிகள்! துணையாக வந்தது தலைமையை ஏற்றுக்கொண்டது.

'யாரும் எழுதலாம்' என்பதுதான் இதன் வெற்றிக்குக் காரணம் என்று பலரும் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. யாரும் எழுதலாம் என்றால் யாரும் கெடுக்கலாம் என்பதும் உடன் வருகிறது. கெடுப்பது எளிது, ஆக்குவது அரிது. ஆகவே காரணம் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டுரையின் மேலும் 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதனை அழுத்தினால், அக்கட்டுரை பிறந்த நாள் முதல் இன்று வரை அதில் நிகழ்ந்த மாற்றம் ஒவ்வொன்றையும், செய்தவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றோடு காணலாம். கெட்டுப்போன கட்டுரையை ஒரு நொடியில் முந்திய நிலைக்கு மீட்கலாம். என் ஏரி வாக்கியம் நீக்கப்பட்டதும், நான் சினந்து மீண்டும் எழுதியதும் இன்றும் அங்கே இருக்கின்றன. லெ பிரெத்தோன் செய்த வேலையை இங்கே இரகசியமாகச் செய்வது அரிது. ஒரு சிலவற்றை, தனி மனிதரைப் பற்றிய அவதூறு போன்றவற்றை, நிர்வாகிகள் பார்வையிலிருந்து மறைப்பதுண்டு. அவ்வாறு மறைத்ததும் பதிவாகும். வரலாற்று மாணவனான எனக்கு இதனினும் வியப்பானது வேறில்லை.

'வரலாறு' எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது பேச்சுப் பக்கம். அதன் பயனைக் காட்ட ஒரு நகரத்தின் கதையைச் சொல்கிறேன். பால்டிக் கடற்கரையில் போலந்து நாட்டில் கிடான்ஸ்க் என்னும் துறைமுகம் இருக்கிறது. செருமானியர் அதனை டான்சிக் என்பர். 1308இல் செருமானிய வீரத் துறவியர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் அது போலந்து மன்னரின் கீழ் இருந்தது. 1793இல் பிரசியாவுக்குப் போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் தனி நகரமாயிற்று. 1939 செப்டம்பர் முதல் நாள் இரண்டாம் உலகப் போரின் முதற் குண்டுகளுட் சில அங்கேதான் வெடித்தன. 1945 முதல் மீண்டும் போலந்துக்கு உரியது. ஒரு பெயரை எழுதினால் ஓர் இனத்தார் மனம் புண்படும். மற்றொன்றை எழுதினால் மற்றோர் இனத்தார் மனம் புண்படும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் கிடான்ஸ்க் என்று எழுத, ஒருவர் டான்சிக் என்று மாற்ற, முன்னவர் மீண்டும் திருப்ப, இந்தப் போர் ஆண்டுக் கணக்கில் நடந்தது. இறுதியில் 2005இல் எல்லாரும் பேசி, வாக்கெடுத்து ஒரு முடிவு கண்டனர். 1308க்கும் 1945க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றி எழுதும்போது டான்சிக் என்க. அதற்கு முன்னும் பின்னும் கிடான்ஸ்க் என்க. யாருக்கும் முழு மனநிறைவு அளித்த முடிவன்று அது. ஆயினும் திருத்துவோர் அனைவருக்கும் கைகாட்டிய முடிவு.

இந்த ஏற்பாடு தோற்ற இடமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. சான் சீகந்தாலர் அமெரிக்காவின் பெயர் பெற்ற செய்தியாளர். இராபர்ட்டு கென்னடி நீதித்துறை அமைச்சராக இருந்தபோது அவருக்குத் துணையாகப் பணியாற்றியவர். கென்னடி சகோதரர் இருவரின் கொலையிலும் இவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுறப்பட்டதாக, 2005 மே மாதத்தில் எவரோ விளையாட்டாக ஒரு பொய்யை எழுதி வைத்தார். நான்கு திங்கள் அது அப்படியே கிடந்தது! நண்பரை அடக்கம் செய்தபோது சவப்பெட்டியைத் தாங்கிச் சென்ற ஒருவரைப் பற்றியா இவ்வாறு எழுதுவது? அவ்வாண்டு நவம்பர் இறுதியில் சீகந்தாலர் நாளிதழ் ஒன்றில் தம் வேதனையை வெளிப்படையாக எழுதினார். வரலாறு என்னும் பொத்தானும் பேச்சுப் பக்கமும் இருந்தன. எனினும் பார்ப்பதற்கு ஓர் ஆள் இல்லையே! கண்ணில்லாத காவல் காவலாகுமா? அடுத்த மாதமே, பெயர் பதியாதவர் ஆங்கிலப் பதிப்பில் புதுக் கட்டுரை தொடங்க இயலாது என்று விதி செய்தனர். உயிரோடு இருப்பவர் வாழ்க்கையைப் பற்றி எழுதுவதற்கும் தனியே கடுமையான நெறி வகுத்தனர்.

அதே டிசம்பரில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரித்தானிக்காவிலிருந்தும் 42 அறிவியற் கட்டுரைகளை எடுத்து வல்லுநரிடம் தந்து ஒப்பிடச் செய்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகள், பிரித்தானிக்காவில் மூன்று. பிரித்தானிக்கா இதனைக் கடுமையாக மறுத்தது. யார் வென்றனர் என்பதை விட்டுவிடுவோம். பிழைகளைச் சுட்டியதும் திருத்துவோர் எத்தனை விரைவில் திருத்தினர் என்பதே எனக்குச் சுவை தருவது. இலாரி சாங்கர் 2002இலேயே விலகிவிட்டார். அறிஞருக்கு உரிய மதிப்பு அங்கே இல்லை என்பது பின்னாளில் அவர் எழுப்பிய குறை. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. என் 30 ஆண்டு ஆசிரியப் பணிக்கு எங்கள் ஊர்க் கட்டுரையில் யாதொரு மதிப்பும் கிடைக்கவில்லை என்பதை நானே சொன்னேன் அல்லவா! ஆனால் அன்று மதிப்புக் கிடைத்திருந்தால் பிழை நிலைத்திருக்கும்.

ஊதியமின்றி உழைப்பவர் எதனைப் பொறுப்பார், எதனைப் பொறார் என்பதையும் அறிய வேண்டும். 2002 பிப்ரவரியில், களஞ்சியத்தில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்று ஒரு பேச்சு எழுந்தது. இசுபானிய மொழியில் எழுதி வந்தவர்கள் அதனை ஏற்கவில்லை. தாங்கள் எழுதியவற்றைப் படியெடுத்துக்கொண்டு, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் தனிக் களஞ்சியம் தொடங்கிவிட்டனர். உரிமம் அதற்கு இடம் தந்தது. தடுக்க எவராலும் இயலவில்லை. எழுதியவர் வெளியேறலாம், எழுத்தையும் உடன் கொண்டு செல்லலாம் என்னும்போது, நடத்துவோருக்கு ஒரு பணிவு தானே வந்துவிடுகிறது. அவ்வாண்டிலேயே முகவரி வணிகப் பெயரிலிருந்து பொது அமைப்புக்குரிய பெயருக்கு மாறிற்று. 2003 ஜூன் மாதத்தில் இலாப நோக்கமற்ற விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. அன்று முதல் நன்கொடையைக் கொண்டே நடந்து வருகிறது.

அந்த 2003ஆம் ஆண்டில்தான் தமிழ்ப் பதிப்புக்கும் வித்திடப்பட்டது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன், அப்பொழுது அமீரகத்தில் வாழ்ந்தவர், நவம்பரில் அதன் பக்கங்களில் வரும் ஏவற் சொற்களைத் தமிழாக்கினார். கட்டுரைகளையும் எழுதத் தொடங்கினார். முதலில் அவர் ஏறத்தாழத் தனியாகவே உழைத்தார் என்பர். நாளடைவில் தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் கனடா முதலிய நாடுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். கனடாவின் இயல் விருது 2015ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது.

பலர் வந்ததும் பூசலும் வந்தது. ஒருவர் டொராண்டோ என்று எழுத, ஒருவர் ரொறன்ரோ என்று திருத்துவார். நாம் பிரிட்டன் என்பதை ஈழத்தவர் ஐக்கிய இராச்சியம் என்பர். ஜ, ஷ, ஸ, ஹ என்னும் கிரந்த எழுத்துகளை வழங்கலாமா, ஹிட்லரை இட்லர் என்று எழுதுவதா என்று எழுந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. ஒரு பெயரில் தேடுபவரையும் மறு பெயரில் தேடுபவரையும் ஒரே கட்டுரைக்குக் கொண்டு சேர்க்கும் 'வழிமாற்று' என்னும் ஏற்பாடு பாதிப் பூசலைத் தணித்தது. மீதியைப் பேசித் தீர்க்க ஒரு பொதுவிடம் வைத்தனர். அதன் பெயர் என்ன தெரியுமா? 'ஆலமரத்தடி'. கடல் கடந்து வாழ்பவரும் கணினி வழியே வந்து கூடும் மன்றத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்க்குமா?

அம்மரத்தடியில் 2009ஐ ஒட்டி ஒரு பெரிய வழக்கு வந்தது. கூகுள் நிறுவனம், கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, கணினியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகளின் நீளம் பெரிது. நடையோ தமிழாக இல்லை. தமிழ் மாணவனுக்கு எது வேண்டும் என்ற எண்ணமின்றித் தலைப்புகள் தெரிவாயின. மொழிபெயர்த்தவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் விடை இராது. அவர்கள்மேல் குற்றமில்லை, எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் நின்று பேச முடியுமா? ஆனால் திருத்தும் சுமை முழுவதும் கூலி பெறாதவர் தலையில் விழுந்தது. தமிழ்ப் பங்களிப்பாளர்கள் அஞ்சாமல், அளவைக் குறையுங்கள், தரத்தைக் கூட்டுங்கள், எங்களோடு பேசுங்கள் என்றனர். 2010 ஜூலையில் நடந்த விக்கிப்பீடியர் உலக மாநாட்டிலும் தமிழர் ஒருவர் இக்குறைகளை ஆராய்ந்து எடுத்துரைத்தார். அம்மாநாடு கூடிய நகரம், சற்று முன் நான் சொன்ன கிடான்ஸ்க்! பின்னர் அந்த மொழிபெயர்ப்புத் திட்டம் நின்றுவிட்டது.

2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா 1,00,000 கட்டுரைகளை எட்டியது. 2020 ஜனவரியில் ஆங்கிலப் பதிப்பு 60 இலட்சத்தை எட்டிற்று. எண்ணிக்கையைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். தமிழில் மூன்று வரியோடு நிற்கும் கட்டுரைகள் பல. 2011இல் உலகளவில் எடுத்த கணக்கின்படி, திருத்துவோரில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இலர். யார் எழுதவில்லையோ அவர்களுடைய உலகம் எழுதப்படாமற் போகிறது. நாற்று நடும் பாட்டைப் பற்றியும், பனையோலை முடையும் முறையைப் பற்றியும் தேடிப் பாருங்கள்; எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கவில்லை என்பது நீங்களே அறியலாம்.

ஏரியை மறந்துவிடவில்லை. கல்வெட்டைக் கண்டபின், இராசராசன் காலத்தில் அவ்வேரி தூர் எடுக்கப்பட்டது என்று எழுதி, வெட்டியவன் அவனே என்பது ஊர் வழக்கு என்றும் சேர்த்தேன். இம்முறை எவரும் நீக்கவில்லை. சென்ற மாதம் பார்த்தேன். யாரோ ஏரியின் நிழற்படம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வேறொருவர் என் வாக்கியத்தில் இருந்த ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தியிருக்கிறார். பேச்சுப் பக்கத்தில் அந்தப் பழைய புனைபெயர்க்காரரின் புதிய குறிப்பு ஒன்றும் இருந்தது. நான் காட்டிய கல்வெட்டு அறிக்கைக்குப் பக்க எண் கொடுக்கவில்லையாம். நாளை மறுபடியும் நூலகம் போக வேண்டும்.